ஏரிக்குள் நிற்கும் மணிக்கோபுரம்: கோவில் எங்கே போயிற்று?

கேள்வி இதுதான்: “ஏரிக்கு நடுவில் ஒரு மணிக்கோபுரம் மட்டும் தனியாக நிற்கும் படம் பார்த்தேன். நிஜமா, இல்லை கணினியில் ஒட்டவைத்ததா? நிஜம் என்றால் கோபுரத்தை மட்டும் ஏன் விட்டுவைத்தார்கள்? குளிர்காலத்தில் தண்ணீருக்கு அடியிலிருந்து மணிச்சத்தம் கேட்கும் என்கிறார்களே, அது எப்படி?”

சுருக்கமாகச் சொன்னால்: படம் நிஜம். கோபுரத்தைக் காப்பாற்றியது புராதனச் சின்னங்களுக்கான சட்டம். மணி அங்கே இல்லை, 1950-லேயே இறக்கிவிட்டார்கள். இவ்வளவோடு நிறுத்தலாம். ஆனால் “ஏன் கோபுரம் மட்டும்” என்ற நடுக்கேள்வி லேசானதல்ல. அதற்காகத்தான் இந்த நீளம்.

இடம் இத்தாலியின் வடகோடி. தெற்கு திரோல் மாகாணத்தில் வின்ஷ்காவ் என்றொரு பள்ளத்தாக்கு, அதன் மேல்முனையில் ரெஷென் கணவாய். அங்கிருந்து ஆஸ்திரிய எல்லையும் ஸ்விட்சர்லாந்து எல்லையும் கூப்பிடு தூரம். ஊரின் ஜெர்மன் பெயர் கிரவுன், இத்தாலியப் பெயர் குரோன். இன்றைக்கு இரண்டுமே அரசுப் பெயர்கள். பெயர்ப்பலகையில் இரண்டும் இருக்கும். ஒரு ஊருக்கு ஏன் இரண்டு பெயர் என்பதிலேயே பாதிக் கதை இருக்கிறது, பின்னால் வருகிறேன்.

கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரம். ரோமர்கள் ஆல்ப்ஸைக் கடக்கப் போட்ட கிளவுதியா அவுகுஸ்தா சாலை இந்தக் கணவாய் வழியாகத்தான் போனது. இத்தாலியின் இரண்டாவது நீளமான ஆறான ஆதிஜே (ஜெர்மனில் எட்ஷ்) இங்கேதான் பிறக்கிறது. ஆறு தொடங்கும் இடத்தில் இயற்கையாகவே வரிசையாக மூன்று ஏரிகள் இருந்தன: ரெஷென் ஏரி, நடு ஏரி, ஹைடர் ஏரி. அவற்றின் கரையோரச் சமவெளியில் புல்வெளிகளும், மாடு வளர்க்கும் குடும்பங்களும், நடுவில் புனித கத்தரீனம்மாள் கோவிலும். இப்போது வரைபடத்தில் பார்த்தால் இரண்டு ஏரிகள்தான் தெரியும். மேலே இருந்த இரண்டையும் சேர்த்து ஒன்றாக்கிவிட்டார்கள். அந்தச் சேர்ப்புக்குள் போனதுதான் கிரவுன்.

முதலில் கோபுரத்தைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம். 14-ஆம் நூற்றாண்டுக் கட்டடம். 1357 என்ற ஆண்டைக் குறிப்பிடுவது வழக்கம். சதுரமான அடித்தளம், சாம்பல் நிறக் கல் சுவர், உச்சியில் செங்குத்தாக எழும் கூர்கூரை. கீழ்ப்பகுதிச் சுவரில் திறப்பு என்று சொல்ல அதிகம் இல்லை. மேலே போகப் போக ஜன்னல்கள். அந்த ஜன்னல்களைக் கவனியுங்கள்: ஒவ்வொன்றும் அரைவட்ட வளைவுகள் இரண்டு ஜோடியாகச் சேர்ந்தது, நடுவே மெலிந்த ஒரு தூண். கோதிக்குக்கு முந்தைய ஐரோப்பியக் கட்டடப் பாணியான ரோமனெஸ்க்கின் அடையாளமே இந்த இரட்டை ஜன்னல்தான்.

1357 வாக்கில் ஐரோப்பாவின் பெரிய நகரங்களில் கோதிக் பாணி வந்து இருநூறு ஆண்டுக்கும் மேல் ஆகியிருந்தது. கூர்வளைவு, வண்ணக் கண்ணாடி என்று அங்கே எங்கோ போய்விட்டார்கள். இந்த மலைப் பள்ளத்தாக்கின் கொத்தனார்கள் மட்டும் தங்களுக்குப் பழக்கமான வட்டவளைவை விடவில்லை. பின்தங்கியிருந்தார்கள் என்று சிலர் எழுதுவார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பனியும் காற்றும் மாறிமாறி அடிக்கும் இடத்தில் தடித்த சுவரும் சிறிய திறப்பும்தான் நிற்கும் என்று தெரிந்தவர்கள் அவர்கள். பக்கத்து ஊரான மால்ஸுக்குப் போனால் இதே ஜாடையில் பல கோபுரங்கள் வரிசையாகத் தெரியும். அதே மால்ஸில் புனித பெனடிக்ட் சிற்றாலயத்துக்குள் கி.பி. 800-ஐ ஒட்டிய சுவரோவியங்கள் இருக்கின்றன. சற்று மேலே மரியன்பெர்க் மடத்தின் நிலவறையில் 12-ஆம் நூற்றாண்டு ஓவியங்கள். ஆக, கிரவுன் கோபுரம் தனித்த அதிசயம் ஒன்றும் இல்லை. ஒரு பெரிய குடும்பத்தின் கடைசிப் பிள்ளைகளில் ஒன்று. தண்ணீர் சூழ்ந்திருப்பதால்தான் நம் கண்ணில் பட்டது.

ஜன்னல்கள் ஏன் மேலே மட்டும்? மணி அங்கேதான் தொங்கும். ஒலி நாலாபக்கமும் வெளியே போக வேண்டும், கீழ்ச்சுவர் மணியின் எடையையும் அது ஆடும்போது வரும் உலுக்கலையும் தாங்க வேண்டும். அங்கே மணியைக் கயிறிழுத்து ஆட்டி அடிப்பார்கள். நாவை மட்டும் இழுத்து அடிப்பதல்ல, மணியே ஊஞ்சல்போல் ஆடும். அத்தனை கனமும் பக்கவாட்டில் தள்ளும்போது சுவர் நெகிழாமல் நிற்க வேண்டும். பழைய மணிக்கோபுரங்களின் தடிமனுக்குப் பாதிக் காரணம் இதுதான்.

கடிகாரம் வீட்டுக்கு வராத காலத்தில் அந்த மணிதான் ஊரின் நேரம். காலை, மதியம், மாலை என்று மூவேளை ஜெபத்துக்கு அடிப்பார்கள். சாவு விழுந்தால் துக்கமணி. தீப்பிடித்தால் வேறு விதமாக. ஆல்ப்ஸ் ஊர்களில் இன்னொன்றும் உண்டு: இடிமேகம் திரண்டு வரும்போது மணி அடித்தால் ஆலங்கட்டி மழை கலைந்துபோகும் என்ற நம்பிக்கை. புயல் நேரத்தில் ஊரிலேயே உயரமான கட்டடத்துக்குள் ஈரக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. மின்னல் தாக்கி மணியடிப்பவர்கள் செத்துக்கொண்டே இருந்ததால் 18-ஆம் நூற்றாண்டில் ஆஸ்திரிய அரசு இதைத் தடையே செய்தது. ஊர்கள் லேசில் கேட்கவில்லை என்பது வேறு கதை. நான் சொல்லவந்தது, மணிக்கோபுரம் அங்கே அலங்காரம் அல்ல, ஊர் நடப்பின் ஒரு உறுப்பு. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, தண்ணீர் எப்படி வந்தது?

முதல் உலகப்போர் முடியும்வரை இந்தப் பகுதி ஆஸ்திரியாவில் இருந்தது. மக்கள் பேசியது ஜெர்மன். 1919-ல் சான் ஜெர்மைன் உடன்படிக்கையில் இத்தாலிக்குக் கைமாறியது. முசோலினி ஆட்சிக்கு வந்ததும் ஜெர்மன் பள்ளிகளை மூடினார்கள், ஊர்ப்பெயர்களை இத்தாலியில் மாற்றினார்கள். கிரவுன் குரோன் ஆனது இப்படித்தான். பிள்ளைகளுக்கு ஜெர்மன் எழுத்துச் சொல்லிக்கொடுக்க வீட்டுக் கொட்டில்களிலும் நிலவறைகளிலும் ரகசியப் பள்ளி நடத்தினார்கள்.

ஏரியின் மட்டத்தை உயர்த்தி மின்சாரம் எடுக்கும் யோசனை 1920-லேயே உண்டு. ஆனால் அப்போது சொன்ன உயரம் 5 மீட்டர். கரையோரம் கொஞ்சம் நிலம் போகும், ஊர் தப்பும். வயிற்றெரிச்சல்தான், ஆனாலும் தாங்கக்கூடியது. 5 மீட்டர் 22 மீட்டர் ஆனது 1939-ல்.

அந்த ஒரு கோடையின் தேதிகளை வரிசையாகப் பாருங்கள். ஜூன் 1: கலை, வரலாற்று மதிப்புள்ள பொருட்களைப் பாதுகாக்கும் 1089-ஆம் எண் சட்டத்தை இத்தாலி இயற்றியது. அந்நாளைக்கு நல்ல, விரிவான சட்டம். பல பத்தாண்டுகள் நடைமுறையில் இருந்தது. ஜூன் 23: பெர்லினில் ஹிட்லர் அரசும் முசோலினி அரசும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. தெற்கு திரோலின் ஜெர்மன் பேசுபவர்கள் ஆண்டு முடிவதற்குள் தேர்ந்தெடுக்க வேண்டும்: ஒன்று, ஊரைவிட்டு ஜெர்மன் ஆட்சிக்குப் போவது, இல்லையேல் இத்தாலியராகவே இங்கே இருப்பது. பெரும்பான்மையானோர் போவதாகத்தான் எழுதிக்கொடுத்தார்கள், சுமார் 75,000 பேர் உண்மையிலேயே போனார்கள். ஜூலை: மொந்தெகாத்தினி என்ற பெரிய இத்தாலிய நிறுவனம் 22 மீட்டர் திட்டத்தை முன்வைத்தது.

பழங்கல்லைக் காப்பதற்குச் சட்டம், ஆட்களை அனுப்புவதற்கு ஒப்பந்தம், ஊரை முழுக்குவதற்குத் திட்டம், மூன்றும் இரண்டு மாதத்துக்குள். யாரும் உட்கார்ந்து சதி செய்து வரிசைப்படுத்தினார்கள் என்று சொல்லவரவில்லை. ஆனால் 1950-ல் எது மிஞ்சியது, எது போனது என்று பார்த்தால், எல்லாமே அந்தக் கோடையில் எழுதிய தாள்களின்படிதான் நடந்திருக்கிறது.

திட்டத்தை ஊருக்கு அறிவிக்க வேண்டும், ஆட்சேபணை கேட்க வேண்டும் என்று விதி இருந்தது. அறிவித்தார்கள். ஊராட்சி அலுவலகத்தில் அறிவிப்பு ஒட்டினார்கள், இத்தாலிய மொழியில். ஊர்க்காரர்களில் பெரும்பாலோருக்கு அதைப் படிக்கத் தெரியாது. ஊர்த்தலைவரும் அவர்கள் தேர்ந்தெடுத்தவர் இல்லை. ஃபாசிச ஆட்சியில் ஊர்த்தலைவரை மேலிடமே நியமிக்கும். போதாததற்கு, பாதி ஊர் “போவதா, இருப்பதா” என்று வீட்டுக்குள்ளேயே சண்டை போட்டுக்கொண்டிருந்த நேரம். ஆட்சேபணைக் காலம் அப்படியே கழிந்துவிட்டது. 1940 ஏப்ரலில் வேலை தொடங்கியது. அப்புறம் போர் வந்து நின்றுபோனது.

போர் முடிந்ததும் எல்லோரும் மூச்சுவிட்டிருப்பார்கள். முசோலினி போனார், ஹிட்லர் போனார், திட்டமும் போய்விடும் என்றுதானே நினைக்கத் தோன்றும்? 1946 செப்டம்பரில் இத்தாலியப் பிரதமர் தெ காஸ்பெரியும் ஆஸ்திரிய வெளியுறவு அமைச்சர் குரூபரும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் தெற்கு திரோலின் ஜெர்மன் பேசும் மக்களுக்குத் தன்னாட்சியும் மொழியுரிமையும் வாக்களித்தது. ஆனால் அணைத்திட்டம் சர்வாதிகாரியோடு போகவில்லை. அதற்குத் தேவைப்பட்டது பணம் மட்டுமே. 1947-ல் அது வந்தது: ஸ்விட்சர்லாந்தின் எலெக்ட்ரோ-வாட் நிறுவனம் 3 கோடி ஸ்விஸ் ஃபிராங்க் கொடுத்தது, பதிலுக்குப் பத்தாண்டுகளுக்குப் பருவகால மின்சாரம் என்ற ஏற்பாட்டில்.

இந்த இடத்தில் எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு பார்வை பார்க்க வேண்டும். பலர் இதைச் சொல்வதில்லை. அதே 1940-களில் ஸ்விட்சர்லாந்தின் கிரவுபுண்டன் மாநிலத்தில், ரைன்வால்ட் பள்ளத்தாக்கில், ஸ்ப்ளூகன் முதலிய ஊர்களை மூழ்கடித்து ஒரு பெரிய நீர்த்தேக்கம் கட்டத் திட்டம் இருந்தது. அந்த ஊர்மக்கள் முடியாது என்றார்கள். அவர்கள் சொன்னதற்கு அங்கே மதிப்பு இருந்தது. 1946-ல் ஸ்விஸ் அரசு அனுமதி மறுத்துவிட்டது. ஸ்ப்ளூகன் இன்றும் ஊராக இருக்கிறது, ஆட்கள் வாழ்கிறார்கள். தன் நாட்டில் ஊரை மூழ்கடிக்க முடியாத மின்தேவை, பக்கத்து நாட்டில் முடிந்துபோயிற்று. பொறியியல் இரண்டு இடத்திலும் ஒன்றுதான். ஊராரைக் கேட்டே ஆக வேண்டும் என்ற ஏற்பாடு ஒரு பக்கம் இருந்தது, மறுபக்கம் இல்லை.

கிரவுன் சும்மா இருந்துவிடவில்லை. பங்குத் தந்தை அல்ஃபிரட் ரீப்பர் முன்னால் நின்றார். மனு மேல் மனு. ரோம் வரைக்கும் போனார், போப் பன்னிரண்டாம் பயஸையே சந்தித்து முறையிட்டார். ஒரு மலைக்கிராமத்துச் சாமியார் போப்பைப் பார்ப்பது சின்ன விஷயமல்ல. ஆனால் பார்த்ததோடு சரி. போருக்குப் பிந்தைய இத்தாலிக்கு மின்சாரம் வேண்டும், தொழிற்சாலை ஓட வேண்டும். சில நூறு மாட்டுக்காரர்களுக்காக அணையை நிறுத்த யாரும் தயாராக இல்லை.

தண்ணீரை ஏற்றி 1950 கோடையில் முடித்துவிட்டார்கள். அதுவரை வீடுகளை ஒவ்வொன்றாக வெடிவைத்துத் தகர்த்தார்கள். 163 வீடுகள், 523 ஹெக்டேர் விளைநிலம். நம் கணக்கில் சுமார் 1,290 ஏக்கர். கிரவுன் முழுதும், ரெஷென் ஊரில் பெரும்பகுதியும் போனது. கிடைத்த இழப்பீட்டில் வேறு இடத்தில் அதே அளவு நிலம் வாங்க முடியாது. புல்வெளி இல்லாமல் மாடு இல்லை, மாடு இல்லாமல் அந்த உயரத்தில் பிழைப்பு இல்லை. அதனால் பலர் ஊரைவிட்டே போனார்கள். மிஞ்சியவர்கள் லாங்டவுஃபர்ஸ் பள்ளத்தாக்கின் வாயிலில் அவசரத்துக்குப் போட்ட தற்காலிக வீடுகளில் தங்கி, பிறகு மேட்டில் புது கிரவுனுக்குக் குடிவந்தார்கள். இப்போது கோபுரத்தைப் படமெடுக்க நாம் நிற்கும் இடத்துக்குப் பின்னால் தெரிவது அந்தப் புது ஊர்தான். படத்தில் அது விழாதபடி எல்லோரும் ஏரிப்பக்கமே திரும்பி நிற்பார்கள்.

ஜூலை 18 அன்று கோபுரத்திலிருந்து மணிகளை இறக்கினார்கள். அடுத்த ஒரு வாரத்தில் கோவிலைத் தகர்த்தார்கள். ஒரு தப்பான எண்ணத்தை இங்கேயே சரிசெய்துவிடுகிறேன். தண்ணீருக்கு அடியில் கோவில் முழுசாக இருக்கிறது, கோபுரத்தின் உச்சி மட்டும் வெளியே தெரிகிறது என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. மக்கள் உட்கார்ந்து பூசை கண்ட கட்டடம் வெடியில் போய்விட்டது. கீழே இருப்பது கோபுரத்தின் அடிப்பகுதியும் கற்குவியலும்தான்.

இப்போது அந்த நடுக்கேள்வி. ஏன் கோபுரம் மட்டும்?

“நினைவுச்சின்னமாக இருக்கட்டும் என்று விட்டுவைத்தார்கள்” என்று சுற்றுலாக் குறிப்புகளில் அழகாக எழுதியிருக்கும். யாரோ மனம் இளகி விட்டுவைத்ததுபோல ஒரு தோற்றம். நடந்தது அதைவிட வறட்டுத்தனமானது. கோபுரம் பாதுகாக்கப்பட்ட புராதனச் சின்னம், அதனால் இடிக்க முடியவில்லை. அவ்வளவுதான். சட்டம் தன் வேலையைச் சரியாகவே செய்தது. குறை சொல்வதானால், அது எதைப் பொருள் என்று எடுத்துக்கொண்டது என்பதில்தான் சொல்ல வேண்டும். அந்தக் காலச் சட்டத்தின் கண்ணில் பழமையான கோபுரம் ஒரு ‘பொருள்’, அருங்காட்சியகத்துச் சிலைபோல. அதற்குள் தொங்கும் மணி, அந்த மணிக்குக் காதுகொடுக்கும் வீடுகள், அந்த வீடுகள் நிற்கும் வயல் இதெல்லாம் பொருள் கணக்கில் வராது. வயதான கல்லை விட்டுவிட்டுச் சுற்றியிருந்த அனைத்தையும் எடுத்துக்கொள்ள எந்தத் தடையும் இல்லை.

கட்டடப் பாதுகாப்புத் துறையில் இந்தப் பார்வை மாற 1964 வரை ஆயிற்று. அந்த ஆண்டு எழுதப்பட்ட வெனிஸ் சாசனம், நினைவுச்சின்னம் என்பது தனிக் கட்டடம் மட்டுமல்ல, அது இருக்கும் ஊர்ச் சூழலும் சேர்ந்தது என்று வரையறுத்தது. அதன் 7-ஆவது பிரிவு, ஒரு சின்னத்தை அது சாட்சியாக நிற்கும் வரலாற்றிலிருந்தும் அது அமைந்திருக்கும் சூழலிலிருந்தும் பிரிக்க முடியாது என்கிறது. கிரவுனுக்கு அது 14 ஆண்டு தாமதம். அதிலும் இத்தாலியிலேயே எழுதப்பட்டது.

என் கருத்தைக் கேட்டால், கோபுரத்தை விட்டது தப்பில்லை. அது இல்லாவிட்டால் ரெஷென் ஏரி ஆல்ப்ஸின் நூற்றுக்கணக்கான நீர்த்தேக்கங்களில் ஒன்றாகியிருக்கும். கீழே ஒரு ஊர் இருந்தது என்று வழியில் போகிறவர் யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் நாம் பார்ப்பது காப்பாற்றப்பட்ட ஒரு மணிக்கோபுரம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மணி அடிக்காத, மணியே இல்லாத, அடித்தாலும் கேட்க ஆளில்லாத இடத்தில் நிற்கும் ஒரு கல்தூண் அது. வடிவம் மட்டும் மணிக்கோபுரம்.

இதே மாதிரி வேறு இடங்களும் உண்டு. ஸ்பெயினின் கத்தலோனியாவில் சாவ் (Sau) என்ற நீர்த்தேக்கத்தில் சான் ரோமா என்ற 11-ஆம் நூற்றாண்டுக் கிராமக் கோவில் 1960-களின் தொடக்கத்தில் மூழ்கியது. அங்கே கோவிலை இடிக்கவில்லை, அப்படியே தண்ணீரில் விட்டார்கள். 2023 வறட்சியில் ஏரி வற்றி, முழுக் கோவிலும் காய்ந்த மண்ணில் நின்றது. ரஷ்யாவில் வோல்கா கரையில் கல்யாசின் மணிக்கோபுரமும் புகழ்பெற்றது, ஆனால் அது 1800 வாக்கில் கட்டியது, இடைக்காலத்தது அல்ல. படங்களைக் குழப்பிக்கொள்கிறவர்கள் உண்டு: தண்ணீருக்குப் பின்னால் பனிமலை தெரிந்தால் கிரவுன்.

மணிச்சத்தக் கதைக்கு வருவோம். குளிர்கால இரவுகளில் ஏரியிலிருந்து மணி ஒலிக்கும் என்று அங்கே சொல்வார்கள். மணிகளை 1950 ஜூலையிலேயே இறக்கிவிட்டார்கள் என்பதால் அது நடக்கிற காரியமில்லை. ஆனால் ஏரி சத்தம் போடும், அது நிஜம். பெரிய ஏரி உறைந்து தடித்த பனிப்பாளம் ஆனபின், இரவில் குளிர் ஏற ஏற அந்தப் பாளம் சுருங்கி விரிசல் விடும். அந்த அதிர்வு பாளம் முழுக்க ஓடும்போது மேல்ஸ்தாயி ஒலிகள் முந்திக்கொண்டும் கீழ்ஸ்தாயி ஒலிகள் பின்தங்கியும் வரும். தூரத்தில் நிற்பவர் காதுக்கு அது வெடிச்சத்தமாகக் கேட்காது. கம்பியைச் சுண்டியதுபோல, உலோகத்தைத் தட்டியதுபோல “டியூங்ங்” என்று இழுபடும். உறைந்த ஏரியோரம் வாழ்கிறவர்கள் எல்லோருக்கும் தெரிந்த சத்தம் இது. பக்கத்திலேயே ஒரு மணிக்கோபுரமும் நின்றால் அதை மணி என்று கேட்பதில் ஆச்சரியம் என்ன? கதைக்கு மூலம் இதுதான் என்று நான் சாதிக்கமாட்டேன். மூழ்கிய ஊரின் மணி ஒலிக்கும் கதை ஐரோப்பா முழுக்க, அணைகள் வருவதற்கு எத்தனையோ காலம் முன்பிருந்தே உண்டு.

தண்ணீரில் நிற்கும் கட்டடம் எத்தனை நாள் தாங்கும் என்று அடுத்துக் கேட்பீர்கள். எப்போதும் முழுகிக் கிடக்கும் கல்லுக்கு ஆபத்து குறைவு. நனைந்து, காய்ந்து, உறைந்து, உருகும் கல்லுக்குத்தான் ஆபத்து. இது மின்சாரத்துக்கான நீர்த்தேக்கம் என்பதால் மட்டம் ஒரே இடத்தில் நிற்காது. குளிர்காலம் முழுக்கத் தண்ணீரைக் கீழே விடுவார்கள். மேலிருந்து வரவேண்டியது பனியாக உறைந்து கிடக்கும். அதனால் வசந்தத்தின் தொடக்கத்தில் ஏரி அடிமட்டத்துக்கு இறங்கிவிடும். பனி உருகி ஜூனுக்கு மேல் மறுபடி நிறையும். கொள்ளளவு 12 கோடி கன மீட்டர், நாலு டி.எம்.சி.க்குச் சற்று மேல். அந்தத் தண்ணீர் குகைக்குழாய் வழியாகச் சுமார் 600 மீட்டர் கீழே குளூர்ன்ஸ் பக்கத்து மின்நிலையத்துக்குப் போகிறது. இந்த ஏற்ற இறக்கத்தில் கோபுரத்தின் இடுப்பு வருடா வருடம் நனைந்து காய்கிறது, போதாக்குறைக்குச் சுற்றியுள்ள பனிப்பாளம் விரியும்போது நெருக்கவும் செய்யும். விரிசல் விழுந்து, 2009-ல் 1,30,000 யூரோ செலவில் பழுதுபார்த்தார்கள்.

2021 வசந்தத்தில் பராமரிப்பு வேலைக்காக ஏரியை வழக்கத்தைவிட அதிகமாக வடித்தார்கள். அப்போது எழுபது ஆண்டுக்குப் பிறகு பழைய கிரவுனின் மிச்சம் வெளியே வந்தது. சேற்றுக்கு நடுவே வீட்டு அடித்தளச் சுவர்கள், எங்கும் போகாத சில கற்படிகள், நிலவறைகளின் விளிம்பு. கோபுரத்தைப் பார்க்க வந்தவர்கள் அன்றைக்குத்தான் முதல்முறையாகத் தரையைப் பார்த்தார்கள். படம் தேடுகிறவர்கள் அந்த ஆண்டு மே மாதத்துப் படங்களைத் தேடிப்பாருங்கள். கோடைக்காலத்து நீலத்தண்ணீர்ப் படங்களைவிட அவை நிறையச் சொல்லும்.

நேரில் போக நினைப்பவர்களுக்கு: மெரானோவிலிருந்து மால்ஸ் வரை வின்ஷ்காவ் ரயில்பாதை இருக்கிறது (இடையில் மூடிக்கிடந்து 2005-ல் மறுபடி திறந்தது, இப்போது ஓடுகிறதா என்று கிளம்புமுன் பார்த்துக்கொள்ளுங்கள், பராமரிப்பு வேலை அடிக்கடி வரும்). மால்ஸிலிருந்து மேலே பேருந்து. கோபுரம் கரையிலிருந்து கல்லெறி தூரம்தான், படத்தில் தெரிவதுபோல ஏரியின் நட்டநடுவில் இல்லை. ஜூலை, ஆகஸ்டில் போனால் படத்தில் பார்த்த அதே காட்சி, கூடவே வண்டி நிறுத்த இடம் தேடும் கூட்டம். ஏப்ரலில் போனால் தண்ணீர் இறங்கி, கோபுரத்தின் அடியைச் சுற்றிக் கொட்டியிருக்கும் கற்களும் சுவரில் நீர்மட்டம் விட்டுப்போன கறையும் தெரியும். அழகான காட்சி இல்லை, நான் அதையே சிபாரிசு செய்வேன். ஜனவரி, பிப்ரவரியில் ஏரி உறைந்திருந்தால் பனிமேல் நடந்தே கோபுரத்தடிக்குப் போய்விடலாம், ஜனங்கள் போகிறார்கள். அதற்கு முன்னால் கரையில் இருக்கும் யாரிடமாவது பனி தாங்குமா என்று கேட்டுவிட்டுக் காலை வையுங்கள். அடியில் தண்ணீரை இழுத்துக்கொண்டிருக்கும் நீர்த்தேக்கத்துப் பனி, சாதாரண ஏரிப் பனி மாதிரி நம்பத்தக்கது அல்ல.